அத்தை கிளினிக்குக்கு வழி சொன்ன டீக்கடைக்காரர்

கரூரில் என் அத்தை பிசியோதெரபிஸ்ட். 14 வருடங்களாகச் சொந்தமாக ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறார். நாலு கட்டில், ஒரு டிராக்‌ஷன் டேபிள், ஐ.எஃப்.டி மெஷின், மெழுகு ஒத்தடத் தொட்டி, சுவரில் தோள்பட்டையைச் சுழற்றிப் பழகுவதற்கான சக்கரம். வரவேற்பில் ஓர் அக்கா. அவ்வளவுதான் மொத்த கிளினிக்கும்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை மெதுவாகச் சொன்னார். "சாயங்கால நேரத்தை நிறுத்திடலாம்னு இருக்கேன் கண்ணு. கரன்ட் பில்லுக்கே கட்டுபடியாக மாட்டேங்குது."

சாயங்காலத்தை நிறுத்தினால் வரவேற்பு அக்காவுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடியும். 9 வருடமாகக் கூடவே இருப்பவர். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். அத்தை அதை நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால், மூன்று முறை சுற்றி வளைத்து அதே இடத்துக்குத்தான் வந்தார். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பெரிய சென்டர் திறந்திருக்கிறார்கள், ஏ.சி-யெல்லாம் போட்டு. எல்லோரும் அங்கே போகிறார்கள் என்பது அத்தையின் கணக்கு. "நீ டிஜிட்டல் டெஸ்க்ல இருக்கியே, ஏதாச்சும் பண்ண முடியுமா?"

டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவருக்கு முதலில் என்ன தோன்றும்? ரீல்ஸ்! கழுத்து வலிக்கு மூன்று பயிற்சிகள் என்று 40 விநாடி வீடியோ ஒன்று எடுத்துப் போட்டோம். எங்கள் இருவர் வாழ்க்கையிலும் பார்த்திராத அளவுக்கு வியூஸ் போனது. "சூப்பர் மேடம்" என்று கமென்ட் போட்டவர்கள் சென்னை, துபாய், மலேசியா. கிளினிக்குக்கு ஒருவரும் வரவில்லை. யோசித்தால் இது சின்னக் கணக்குதான். கழுத்து வலிக்குத் தொடர்ந்து 10 நாள் வரப்போகிறவர் தாந்தோணிமலையிலோ வெங்கமேட்டிலோ இருந்தால்தான் வர முடியும். துபாய்க்காரர் லைக் போடலாம், கட்டிலில் படுக்க முடியாது.

அப்புறம்தான் அத்தையின் வெப்சைட்டைத் திறந்தேன். ஆமாம், வெப்சைட் இருக்கிறது. 2017-ல் காசு கொடுத்துச் செய்தது. அன்று முதல் அத்தையே அதைத் திறந்து பார்த்ததில்லை.

முதலில் 'பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசரே எச்சரித்தது. பூட்டு போட்ட முகவரி, அதாவது 'எச்.டி.டி.பி.எஸ்' இல்லாத எல்லாத் தளங்களுக்கும் குரோம் 2018 ஜூலையிலிருந்து அப்படித்தான் சொல்கிறது. முட்டி வலியோடு தேடுகிற ஒரு பெரியவர் அதைப் பார்த்தால் ஏதோ மோசடி என்று மூடிவிடுவார். தாண்டி உள்ளே போனால், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண். என்னென்ன சிகிச்சை உண்டு என்பது ஒரே போஸ்டராக, படமாக ஒட்டப்பட்டிருந்தது. போன் நம்பரும் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தது. விரலால் எவ்வளவு தட்டினாலும் கால் போகாது, காப்பியும் ஆகாது. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதியும் அதில் வேலை செய்யாது. மேலே 'எங்கள் நோக்கம்', 'எங்கள் தொலைநோக்கு' என்று இரண்டு பட்டன்கள். இரண்டிலும் ஒரே பத்தி.

முகவரி? பழையது. 2021-ல் கிளினிக் வேறு தெருவுக்கு மாறிவிட்டது. கூகுள் மேப்பில் இருந்த சிவப்புப் புள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்து போனேன். கிளினிக் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை, பக்கத்தில் டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டு, "இங்கே பிசியோதெரபி கிளினிக்..." என்று ஆரம்பிப்பதற்குள் டீக்கடைக்காரர் கையைக் காட்டிவிட்டார். "நேரா போயி ரெண்டாவது லெஃப்ட்டுங்க, மெடிக்கல் பக்கத்துல. வாரத்துக்கு நாலஞ்சு பேராச்சும் வந்து கேக்குறாங்க. சொல்லி விடுவேன். ஆட்டோவுல வர்ற சில பேரு கேக்காமலே திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க. போன மாசம்கூட ஒருத்தரு, பக்கவாதம் வந்தவரு, மகன் கையைப் புடிச்சு எறக்கிவிட்டு, அப்பறம் மறுபடியும் ஏத்திக்கிட்டுப் போனாங்க."

இதை அத்தையிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஆளு வரலைன்னு நெனச்சுட்டு இருந்தேன். வந்தவங்களை நானேதான் திருப்பி அனுப்பியிருக்கேன்."

திறக்காத பெட்டி

அதைவிடப் பெரிய அடி மறுநாள் விழுந்தது. வெப்சைட்டில் 'தொடர்புக்கு' என்று ஒரு படிவம் இருந்தது. பெயர், நம்பர், பிரச்னை எல்லாம் எழுதி அனுப்பலாம். அது எந்த மெயிலுக்குப் போகிறது? வெப்சைட் செய்தவர் உருவாக்கிக் கொடுத்த ஒரு மெயிலுக்கு. அதன் பாஸ்வேர்டு? அந்தத் தம்பி கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டார், பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. தேடிப் பிடித்துக் கேட்டு உள்ளே போனால் லோன், லாட்டரி, வெளிநாட்டு மாத்திரை என்று நூற்றுக்கணக்கான குப்பை. நடுவே நிஜமான மனிதர்கள் எழுதியவை 20-க்கும் மேல். அதில் ஒன்று 14 மாதப் பழையது. 'அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து நடக்க வைப்பீர்களா? எவ்வளவு ஆகும்?'

அத்தை வாரம் மூன்று நாள் மதியம் வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை கொடுப்பவர். அது வெப்சைட்டில் எங்குமே இல்லை. அந்த நம்பருக்கு அன்றைக்கே போன் செய்தார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறதுன்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டேதான் டயல் செய்தார். நல்லவேளை, அந்த அம்மா வேறோர் இடத்தில் பயிற்சி எடுத்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாராம். படிவத்தை அன்று மாலையே எடுத்துவிட்டோம். யாரும் பார்க்காத பெட்டியை வாசலில் வைப்பதைவிட வைக்காமல் இருப்பது மேல். அதற்குப் பதில் தட்டினால் நேராக கால் போகிற ஒரு பட்டன், தட்டினால் வாட்ஸ்அப் திறக்கிற இன்னொரு பட்டன். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் 'காலை 9 மணிக்கு அழைக்கிறோம்' என்று தானாகவே பதில் போகும்படி வைக்கலாம்.

இங்கே ஒரு விஷயம். வெப்சைட்டின் பெயர், அதாவது டொமைன், அத்தை பெயரில் இல்லை. அதுவும் பெங்களூரு தம்பியின் அக்கவுன்ட்டில்தான் இருந்தது. அவர் நல்ல மனிதர், மாற்றிக் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி அமையாது. நீங்கள் கிளினிக், கடை, டியூஷன் சென்டர் என எது வைத்திருந்தாலும், டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாக ஒரு குட்டி வெப்சைட் வந்ததே, அதை 2024 மார்ச்சில் கூகுள் மூடிவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அடித்து வைத்திருப்பவர்கள் கார்டை மாற்றிவிடுங்கள்.

வரவேற்பில் மூன்று சாயங்காலம்

புதிய வெப்சைட்டில் என்ன எழுதுவது? அத்தை தன் படிப்பு, அனுபவம், மெஷின்களின் பெயர் எல்லாம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்று சாயங்காலம் வரவேற்பு அக்கா பக்கத்தில் ஒரு பழைய டைரியோடு உட்கார்ந்தேன். போனில் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் எழுதினேன்.

'லேடி டாக்டரா?' 'படி ஏறணுமா?' 'எத்தனை நாள் வரணும்?' 'ஒரு தடவைக்கு எவ்ளோ?' 'ஸ்கேன் எடுத்துட்டு வரணுமா?' 'டாக்டர் சீட்டு இல்லாம வரலாமா?' 'பஸ் ஸ்டாண்டுலேருந்து எப்படி வர்றது?' 'ஞாயித்துக்கெழம உண்டுங்களா?' 'வீட்டுக்கு வருவீங்களா?'

மூன்று நாளில் ஒருவர்கூட ஐ.எஃப்.டி மெஷின் எந்த கம்பெனி என்று கேட்கவில்லை. தொலைநோக்கு பற்றியும் கேட்கவில்லை. இந்த டைரிப் பக்கம்தான் புதிய வெப்சைட்டின் முதல் பக்கம் ஆனது. கேள்வி அப்படியே, கீழே பதில். 'பெண் பிசியோதெரபிஸ்ட். ஆண்கள், பெண்கள் இருவருக்கும் சிகிச்சை உண்டு. தரைத்தளம்தான், ஆனால் வாசலில் 3 படிகள். வீல்சேர் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள், சாய்வுப் பலகை போட்டு வைக்கிறோம்.' அந்த 3 படியைச் சொல்ல வேண்டுமா என்று அத்தை தயங்கினார். மாமா, "வந்து பார்த்துத் திட்டுறதுக்கு, தெரிஞ்சு வர்றது மேல்" என்றார். மாமா பேசியது அவ்வளவுதான், ஆனால் சரியாகச் சொன்னார்.

கட்டணத்தைப் போடுவதில்தான் பெரிய சண்டை. "மத்த கிளினிக்காரங்க பார்த்துட்டு அம்பது ரூபா கொறச்சு வைப்பாங்க" என்பது அத்தையின் பயம். ஆனால், டைரியில் அதிகம் பேர் கேட்டதே இதைத்தான். பலர் கேட்கக் கூச்சப்பட்டு, கேட்காமலேயே வராமல் இருந்துவிடுவார்கள். ஜவுளி யூனிட்டில் தையல் மெஷினில் உட்காருகிற ஒரு பெண்ணுக்கு 10 நாளுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது இடுப்பு வலியைவிடப் பெரிய கேள்வி. கடைசியில் முதல் நாள் பரிசோதனைக்கு இவ்வளவு, அடுத்த நாள்களுக்கு இவ்வளவு என்று போட்டோம். 'எத்தனை நாள் என்பதை முதல் நாள் பார்த்த பிறகே சொல்ல முடியும்' என்ற வரியையும் சேர்த்தோம்.

ஜாக்கெட் ஹூக் போட முடியலைங்க!

சிகிச்சைப் பக்கங்களை எழுதும்போது அத்தை 'அடெசிவ் கேப்சுலைட்டிஸ்' என்று ஆரம்பித்தார். வலிக்கிறவர் அப்படியா தேடுவார்? "இதுக்கு வர்றவங்க மொதல்ல என்ன அத்தை சொல்வாங்க?" என்று கேட்டேன். "கையைப் பின்னால கொண்டுபோக முடியல, ஜாக்கெட் ஹூக் போட முடியலைன்னுதான் சொல்வாங்க. ஆம்பளைங்க, பேன்ட் பின் பாக்கெட்டுல இருந்து பர்ஸ் எடுக்க முடியலைம்பாங்க." அதையே தலைப்பாக வைத்தோம். கீழே ஃப்ரோஸன் ஷோல்டர் என்ற பெயரும், சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது அதிகம் வருவதால் சுகர் அளவையும் பார்த்துவிட்டு வரச் சொல்லும் ஒரு வரியும். குதிகால் வலிப் பக்கத்துக்குத் தலைப்பு, 'காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குத்துகிறதா?'

மொத்தம் ஆறே பக்கம். முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம். எழுத்தாகவே, படமாக இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது, அத்தையே கேட்டுச் சேர்க்கச் சொன்ன ஒரு பகுதி. 'இந்த அறிகுறிகள் இருந்தால் எங்களிடம் வராதீர்கள்.' திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் சக்தி இழப்பது, பேச்சு குழறுவது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், பிசியோதெரபி அதற்குப் பிறகுதான். முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடைகளுக்கு இடையே மரத்துப்போனாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "ஆள் பிடிக்கிற வெப்சைட்டுல வராதீங்கன்னு போடலாமா?" என்று நான் கேட்டேன். "முகம் கோணினவங்க எங்கிட்ட வந்து கட்டில் காலியாகறதுக்குக் காத்துட்டு உக்காந்திருந்தா என்ன ஆகறது?" என்றார். எனக்கு அதன்பிறகு கேள்வி இல்லை.

படங்களுக்கு வெள்ளைக்காரப் பெண்ணை அனுப்பிவிட்டு வாசல், போர்டு, கட்டில்கள், அத்தை என நாலு போட்டோ எடுத்தோம். போனில் எடுத்த போட்டோ ஒவ்வொன்றும் 4, 5 எம்.பி. அப்படியே போட்டால் பக்கம் திறக்கவே திறக்காது. சுருக்கிப் போட்டோம். கூகுளின் 'பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்' என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் வேகத்தைக் காட்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் வந்துவிட்டால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. நான் கூடுதலாக ஒரு சோதனை வைத்தேன். வரவேற்பு அக்காவின் பழைய போனில், பஸ் ஸ்டாண்டில் நின்று, மொபைல் டேட்டாவில் திறந்து பார்த்தோம். முதல் தடவை ஃபெயில். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அக்கா கண்ணாடியைத் தேடினார். பெரிதாக்கினோம்.

நோயாளிகளின் போட்டோ, 'முன்பு - பின்பு' வீடியோ எதுவும் கூடாது என்பதில் அத்தை உறுதி. 'நூறு சதவிகிதம் குணம்' என்றும் போட விடவில்லை. எம்.பி.பி.எஸ் டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளை அழைப்பது தவறு என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட ஒரு பட்டியல் நோய்களைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்த 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. கிளினிக் வெப்சைட் வைத்திருக்கிற எல்லோரும், முக்கியமாக 'கேரன்டி' என்ற வார்த்தையைக் காதலிப்பவர்கள், இதை நினைவில் வைப்பது நல்லது.

சிவப்புப் புள்ளி நகர்ந்தது

வெப்சைட்டுக்கு முன்னாலேயே மேப்பை மாற்றியிருக்க வேண்டும். நான் செய்த தப்பு அது. பக்கத்தில் இருக்கும் கிளினிக்கைத் தேடுபவருக்கு மேப்பும் மூன்று பெயர்களும்தான் பெரும்பாலும் மேலே வருகின்றன, வெப்சைட் அதற்குக் கீழே. புதிதாக ஒன்று ஆரம்பிக்காமல் பழைய புரொஃபைலிலேயே முகவரியை மாற்றினோம், இல்லையென்றால் பழைய ரெவ்யூக்கள் போய்விடும். கூகுள் வீடியோ கேட்டது. தெரு, போர்டு, கதவைச் சாவி போட்டுத் திறப்பது எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பினோம். பெயருக்குப் பக்கத்தில் 'கரூரின் நம்பர் ஒன்' என்று சேர்க்க எனக்கு ஆசை. கூகுள் விதிப்படி கூடாது, போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான். நேரத்தில் மதிய இடைவேளையையும் போட்டோம். மாரியம்மன் கோயில் கம்பம் ஆற்றில் விடுகிற நாளில் விடுமுறை என்பதைக்கூடத் தனியாகக் குறிக்க வசதி இருக்கிறது.

ரெவ்யூ பகுதியில் ஒரு ஸ்டார் ஒன்று இருந்தது. '10 நாள் போயும் வலி போகல, வேஸ்ட்.' அத்தை கோபத்தில் பதில் அடித்துவிட்டார். "நீங்க வந்ததே 4 நாள்தான், சுகர் 300-க்கு மேல..." அனுப்பும் முன் போனைப் பிடுங்கினேன். அந்த மனிதருக்குச் சுகர் இருக்கிறது என்பது ஊருக்கே தெரிய வேண்டுமா? அவர் நோயாளி என்பதை உறுதிசெய்வதுகூட வேண்டாம். 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். கிளினிக் நம்பருக்கு அழையுங்கள், பேசுவோம்' என்று மட்டும் போட்டோம். அதே வாரம் 50 ஃபைவ் ஸ்டார் ரெவ்யூ வாங்கித் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். பொய் ரெவ்யூவையும், காசோ சலுகையோ கொடுத்து வாங்கும் ரெவ்யூவையும் கூகுள் ஏற்காது. ஆன்லைன் ரெவ்யூக்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022-ல் ஐ.எஸ் 19000 என்று ஒரு தரமே வகுத்திருக்கிறது. பிளாக் செய்துவிட்டோம். சிகிச்சை முடிந்து போகிறவர்களிடம் அக்கா ஒரு தடவை கேட்பார், போட்டால் போடட்டும்.

முதல் மூன்று வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. அத்தை தினமும் ராத்திரி 9 மணிக்கு, "இன்னிக்கும் யாருமில்ல கண்ணு" என்று மெசேஜ் போடுவார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் கூட்டம் குவிந்துவிட்டது என்று எழுத ஆசைதான், குவியவில்லை. ஆனால், போனில் வரும் கேள்விகள் மாறின. 'எங்கே இருக்கு', 'எவ்ளோ ஆகும்' போய், 'நாளைக்கு 5 மணிக்கு வரலாமா' என்று கேட்கிறார்கள். புதிதாக வருபவர்களிடம் எப்படித் தெரிந்தது என்று அக்கா கேட்டு டைரியில் குறிக்கிறார். டாக்டர் சொன்னது, சொந்தக்காரர் சொன்னது என்பதற்கு அடுத்தபடியாக இப்போது 'போன்ல பார்த்தேன்' வருகிறது. வீட்டுக்கு வரச் சொல்லி வரும் அழைப்புகளால் மதியத் தூக்கம் போய்விட்டது என்று அத்தை அலுத்துக்கொள்கிறார். சாயங்காலம் திறந்தே இருக்கிறது. அக்காவின் சம்பளமும் அப்படியே.

போன மாதம் ஊருக்குப் போனபோது பழைய தெரு வழியாக நடந்தேன். டீக்கடைக்காரர் அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன பண்ணீங்க? இப்பெல்லாம் ஒருத்தரும் வழி கேட்டு வர்றதில்லையே. கேட்டுட்டு அப்படியே ஒரு டீ குடிச்சுட்டுப் போவாங்க. நம்ம யாவாரத்துல கை வெச்சுட்டீங்களே!"

டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு, அவர் கடையை மேப்பில் தேடிப் பார்த்தேன். இல்லை. அடுத்த லீவுக்கு வேலை ரெடி.